கைக்கு அடங்கும் கல்

நாலேகால் மணிக்குக் கொழிஞ்சாம்பாறையில்
விழித்திருப்பது கள்ளு வண்டிகளும்
என் இடது முழங்காலும்தான்.
பால் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை முறையை
வத்சலா எடுத்துக்கொண்டாள்.
பதிலுக்குத் திருவோணத்தன்று நான் நிற்க வேண்டும்,
ஊரே பாயசம் கிண்டும்போது
கொழுப்பு அளக்கும் குழாய்களோடு.
அது கிடக்கட்டும்.
இன்று இருபத்திரண்டு கிலோமீட்டர்.

வாசலில் குனிந்து ஒரு கல் எடுக்கிறேன்.
எலுமிச்சை அளவு.
கைக்கு அடங்கணும், நாய் கண்ணுக்குத் தெரியணும்.
ஒருநாளும் எறிந்ததில்லை.
எறிந்தாலும் எறிவாள் என்று அது நினைத்தால் போதும்.
போன மாசம்
விளக்கை அணைத்துவிட்டுக் கூடவே ஊர்ந்த
வெள்ளைக் கார் ஒன்றுக்கும்
அது போதுமாக இருந்தது.

ஆடி.
கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வந்து
முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது.
முதல் ஏழு கிலோமீட்டர் நான் ஓடியதே இல்லை.
கைக்கடிகாரம் மெச்சுகிறது, பச்சை விளக்குப் போட்டு.
எனக்குத் தெரியும், இது
கடன் கொடுப்பவன் சிரிப்பு.
திரும்பும் வழியில் நெஞ்சுக்கு நேரே நின்று
வட்டியோடு வசூலிப்பான்.

பனைகள் இருட்டில்
தலையை ஒரே பக்கமாக வாரி நிற்கின்றன.
தென்னந்தோப்பில் யாரோ ஏறுகிறார்.
ஆள் தெரியவில்லை.
நெற்றி விளக்கு மட்டும் மேலே போகிறது,
பாளையைத் தட்டும் சத்தம் கீழே வருகிறது.
"எத்ர ஆயி?"
"எட்டு!"
"இனியும் உண்டோ?"
இந்த மூச்சில் சிரிப்புக்கு இடமில்லை.
கையை மட்டும் தூக்கினேன்,
கல் இருந்த கையை.

பாலத்துக்கு முன்னாலேயே போன் அதிர்ந்து
தமிழ்நாட்டுக்கு என்னை வரவேற்கிறது.
வேலந்தாவளம்.
கோழி லாரி டயர்களுக்கு மருந்தடிக்கும் பூவேந்திரன்
குழாயை என் பக்கம் திருப்புகிறான்.
"ஷூவக் காட்டுங்க்கா,
பறவைக் காய்ச்சல் உங்களுக்கும் இருக்கும்,
பறந்துதானே வர்றீங்க?"
வாரா வாரம் இதே பேச்சு.
வாரா வாரம் நானும் காலை நீட்டுவேன்.

அப்புறம் எல்லைக்கல்.
அதன் காலடியில்தான்
பத்து ஞாயிறாகக் கல்லைப் போட்டுவிட்டுத் திரும்புகிறேன்.
திரும்பும்போது விடிந்திருக்கும்.
வெளிச்சத்தில் நாய்கள்
அவரவர் வீட்டு நாய்கள்.

இன்று அந்தக் குவியலுக்கு
மஞ்சள் பூசியிருந்தது.
குங்குமம். ஒரு செம்பருத்தி.
கற்பூரம் எரிந்த கறுப்பு.

"எல்லைக் கருப்புங்க்கா," என்றான் பூவேந்திரன்,
தண்ணீரை நிறுத்திவிட்டு, குரலையும் குறைத்துக்கொண்டு.
"ஒரு மாசமா லாரிக்காரங்க கும்புட்டுட்டுத்தான் தாண்டறாங்க.
யாரும் கொண்டாந்து வைக்கலீங்க,
வாரத்துக்கு ஒரு கல்லு
தானா முளைக்குது."

பதினோராவது என் கையில் வியர்த்துக்கொண்டிருந்தது.

சொல்லவில்லை.
என்னவென்று சொல்வது?
சாமியில்லை தம்பி, அது என் பயம்,
இருட்டு தாண்டியதும் இறக்கி வைத்துவிட்டுப் போவேன் என்றா?
முதுகைக் காட்டி நின்று,
ஷூ நாடாவைக் கட்டுபவள் போலக் குனிந்து
வைத்தேன். முளைத்தது.

நிமிர்ந்தால், விடியவில்லை.
மேற்கே சாரல் இறங்கி
ரோட்டை மறுபடி ராத்திரியாக்கி வைத்திருக்கிறது.
வண்ணாமடைப் பக்கம் குரைப்பு, ஒன்று, நாலு,
அப்புறம் எண்ண முடியாமல்.

பூவேந்திரன் அடுத்த லாரிக்குப் போயிருந்தான்.
மன்னிச்சுக்கோ என்று
யாரிடம் சொன்னேனோ, சொல்லிவிட்டு
கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
என்னுடையதுதான், ஆனாலும்
திருடிய கால்களின் வேகம்.

பதினோரு கிலோமீட்டர் எதிர்காற்று.
வாயைத் திறந்தால் மழை,
மூடினால் மூச்சில்லை.
கடிகாரம் வாயடைத்துப்போனது.
நாய்கள் வந்தன, கையைப் பார்த்தன, நின்றன.
தோப்பில் விளக்கு இல்லை.

சங்கத்து வாசலில் வத்சலா கேன் கழுவிக்கொண்டிருந்தாள்.
"ஐயோ, கையில் என்ன ரத்தம்?"
விரித்துப் பார்த்தேன். குங்குமம் கரைந்து
மணிக்கட்டு வரை ஓடியிருந்தது.

அடுத்த ஞாயிறு இருபத்தைந்து.
இரண்டு கல்லாக எடுத்துப் போகணும்.