பதினாலாம் அறையின் மணல்

பதினாலாம் அறை விரிப்பை உதறினால்
மணல் கொட்டுகிறது.
பாசிக்குடா மணல், தவிட்டு நிறம்.
எனக்கு நினைவு வருவது
வேறொரு மணல்.

வாகரையில் பிறந்தவள்,
கடலுக்கு லீவில் போவது என்றால் என்னவென்று
ஓமானில்தான் கண்டேன்.
சிரிக்காதீர்கள்.
எங்களுக்குக் கடல்
வேலை வைத்த வளவு:
கருவாடு காயும், காகம் விரட்ட வேண்டும்.
மறுகா, அந்த மார்கழிக்குப் பிறகு
கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
உடுப்புத் தோய்த்தோம், அவ்வளவுதான்.

நிஸ்வாவிலிருந்து புறப்படும் வண்டியில்
கடைசி சீட்டு எனக்கு.
பக்கத்தில் ஐஸ் பெட்டி,
மடியில் மூன்று பிள்ளைகளின் செருப்பு,
காலடியில் மசாலா தடவிய கோழி.
பாலைவனம் முடியவே முடியாது.
திடீரென்று சலாலா, தூறல்,
தென்னை!
வீதியோரம் இளநீர் வெட்டிய மலையாளி
எந்த ஊர் என்று கேட்டான்.
"இளநீரை இந்த விலைக்கு விக்காத ஊர்" என்றேன்.
சீவி முடிக்கும்வரை சிரித்தான்,
காசைக் குறைக்கவில்லை.

முக்சைலில் பாறைத் துளையால்
கடல் ஆளுயரம் எழும்பும்.
மூத்தவன் ஹமத் நனைந்து அழுவான்,
அழுதுகொண்டே
இன்னொரு தரம் என்பான்.
நானும் மனதுக்குள் அதையே சொன்னேன்.

ஆனால் சூர்.
ஆண்கள் உறங்கிய பிறகு
மேடம் ஷைகா என் கட்டிலைத் தட்டினாள்.
என்னைவிட இரண்டு வயது இளையவள்.
"உனக்கு நீந்தத் தெரியுமா?"
கொஞ்சம் யோசித்தேன்.
தெரியும் என்றால்
அதுவும் ஒரு வேலையாகிவிடும்.
"தெரியும்."

அபாயாவோடு இறங்கினோம்.
துணிக்குள் காற்றடைத்து
இரண்டு கறுப்புக் குடைகள் மிதந்தன.
என் பாஸ்போட்டை அலுமாரியில் பூட்டிய கை
என் மணிக்கட்டை விடவே இல்லை.

எனக்குத் தெரிந்த அரபியெல்லாம் கட்டளைகள்,
நான் வாங்கியவை.
அவற்றையே திருப்பிக் கொடுத்தேன்.
படு.
அசையாதே.
பேசாதே.
இஞ்ச வா.
சொன்னபடி கேட்டாள்.
கழுத்தை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு
வானத்தைப் பார்த்தாள், வாய் திறந்தபடி.
எப்போது கையை எடுத்தேன் என்று
அவளுக்குத் தெரியாது.

காலையில் தேத்தண்ணிக்குச் சீனி காணாது
என்றது அதே குரல்.
போட்டுக் கொடுத்தேன்.
அந்த இரவைப் பற்றி
ஒரு சொல் இல்லை, பிறகும் இல்லை.
அடுத்த வருஷம்
சூர் பலகை தாண்டியபோது
வண்டியின் முன் கண்ணாடியில்
அவள் கண் என்னைத் தேடியது.
பிள்ளைகளின் செருப்புகளை
இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வருஷங்களில் எடுத்த படங்கள்
எல்லாம் அவர்களிடம்.
நான் எதிலும் இல்லை.
எடுத்தது நான்.

இன்று காலை பதினாலாம் அறை வெள்ளைக்காரி,
தோள் உரிந்து சிவந்தவள், கேட்டாள்:
நீ எங்கேயாவது விடுமுறை போனதுண்டா?
வாளியோடு நின்ற சந்திராதேவி
வாய் பொத்திச் சிரித்தாள்.
"ஏழு தரம்" என்றேன்.
சிரிப்பு நின்றுவிட்டது.

புதன்கிழமை எனக்கு ஓய்வு.
ஹோட்டல் கதிரைகள் முடியும் இடம் தாண்டி
உடுத்த சட்டையோடே இறங்குகிறேன்.
பாசிக்குடாவில் எவ்வளவு தூரம் நடந்தாலும்
தண்ணி இடுப்புக்கு மேல் ஏறாது.
மிதக்கப் பழக்குவதற்கு
இது சரியான இடமில்லை.
ஆளாளுக்குக் கால் எட்டும்,
ஒருத்தருக்கும் ஒருத்தர் கை தேவையில்லை.
ஷைகாவுக்குப் பிடித்திருக்காது என்று நினைக்கிறேன்.
அல்லது பிடித்திருக்கும்.

மல்லாந்து படுக்கிறேன்.
காதுக்குள் தண்ணி புகுந்ததும்
எந்தப் பாஷையிலும்
யார் கூப்பிட்டாலும் கேட்பதில்லை.

பிறகென்ன, பாவாடையைப் பிழிந்து
நாலேகால் பஸ்ஸுக்கு ஓட்டம்.
சீட்டெல்லாம் மணல் என்று
கண்டக்டர் பொடியன் எரிந்து விழுகிறான்:
"ஹோட்டல்ல வேலையாக்கா?"

"இல்ல தம்பி,
லீவில வந்த நான்."