ஹிஸ்டரி எடுத்தல்

மல்லாவி ஆஸ்பத்திரி, ஆண்கள் வாட்டு, பதினோராம் கட்டில்.
மூன்றாந் தடவையாக வந்திருந்தார் திரவியநாதன்.
"வயித்துக்குள்ள ஆரோ சீலை பிழியிற மாதிரி" என்று
இரண்டு கையாலும் பிழிந்து காட்டினார்.
வலது கை பிழியவில்லை,
மணிக்கட்டோடு தொங்கியது.
நான் அதைக் கவனிக்கவில்லை.

முதற் தடவை அல்சர் என்றேன்.
அடுத்த தடவை குடல்வால் என்று கிளிநொச்சிக்கு அனுப்பினேன்.
வெட்டி எடுத்தார்கள். நல்ல குடல்வால்,
ஒரு குறையும் இல்லை அதில்.
இரத்தம் குறைவு: இரும்புக் குளுசை.
பிறகு பூச்சிக் குளுசை.
பிறகு வவுனிக்குளத்துத் தண்ணீரில் பழி.
குடிக்கிறவரோ என்று மனைவியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.
லோஜினி பதில் சொல்லாமல்
பாயைச் சுருட்டத் தொடங்கினாள்.

சருகு சரசரத்தால் ஓணான் என்று நினை,
அழுங்கு என்று நினையாதே.
படிப்பித்தவர் சொன்னது.
ஓணான்களிலேயே ஏழு மாதம் போயிற்று.

நாலு மணிக்குப் பிறகும் வீட்டுக்குப் போகாத ரிஸ்மியா
ஆய்வுகூடத்திலிருந்து கூப்பிட்டாள்,
"டொக்டர், ஒருக்கா வந்து பாருங்கோ."
கண்ணாடித் துண்டில் சிவப்பணுக்கள்,
அவற்றுக்குள் நீலப் புள்ளிகள்,
ஆரோ பேனையை உதறின மாதிரி.
"பற்றறி உருக்கிற ஆளோ?"

ஓடிப் போய் உதட்டை விலக்கினேன்.
முரசின் விளிம்பில் பென்சிலால் இழுத்த நீலக் கோடு.
ஈயம்.
எங்கிருந்து?
பற்றறி இல்லை. பெயின்ற் இல்லை. செந்தூரம் தின்னவில்லை.
குளத்தில் வலை போடுகிறவரும் இல்லை,
வலைக்கு ஈயம் கட்ட.

"பழைய காயம் ஏதும்?"
"மாடு முட்டினது, இடுப்பில."
"எந்த வருசம்?"
கதவைப் பார்த்தார்.
கதவடியில் ஒருவரும் இல்லை.

அழுங்கு தொட்டால் சுருளும்.
இங்கே காயத்தைச் சொன்னால் பின்னால் ஒரு வருசம் வரும்,
வருசத்துக்குப் பின்னால் ஒரு கேள்வி வரும்,
கேள்வி மோட்டார் சைக்கிளில் வரும்,
வீடு தேடி.

கட்டில் சீட்டை மூடினேன்.
"எழுதமாட்டன்."
கேட்டதெல்லாம் எழுது என்று பழக்கப்பட்ட கை
மேசைக்குக் கீழே என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது.
மின்விசிறி சுற்றியது. பக்கத்துக் கட்டில்காரர் இருமினார்.
லோஜினி, பின்னால் நின்றபடி:
"மாடு இல்லை டொக்டர்."
சாரத்துக்கு மேலால் இடது இடுப்பில் விரலை வைத்தாள்.
"சன்னம். பதின்மூண்டு வருசம்."

எங்கள் எக்ஸ்ரே இயந்திரம் தைமாதத்திலிருந்து பழுது.
ஆட்டோ பிடித்துக் கிளிநொச்சிக்குப் போய்
படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
மூட்டுக் கிண்ணத்துக்குள் மழுங்கின ஒரு வெள்ளை,
சுற்றிவர மாத்தூவின மாதிரிப் பொடி.
வரம்பில் வைத்த ஒவ்வொரு அடியும்
அம்மியாய் அரைத்திருக்கிறது.
நொண்டி நொண்டித்தான் மூன்று தடவையும் என் முன்னால் வந்தார்.
வயற்காரர் ஆர் நேராய் நடக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

கொழும்பிலிருந்து ஈயத்தின் அளவு வர இருபத்துமூன்று நாள்.
மருந்துக்கு ஆறு ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தேன்.
ஐந்தில் இல்லை,
ஆறாவதில் காலாவதிக்குக் கிட்டவாய் ஒரு பெட்டி.

யாழ்ப்பாணத்தில் எலும்பு வைத்தியர் கேட்டார்,
"ஹிஸ்டரி என்ன?"
"மாடு முட்டினது, சேர்."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"கொம்பு ஈயத்திலயோ?"
"ஓம் சேர்."
"சரி. அனுப்புங்கோ."

வயிற்றுவலி போய்விட்டது.
மணிக்கட்டு இன்னும் முழுக்க எழும்பவில்லை.
தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் தூக்குகிறார்.
முந்திப் பிடித்திருந்தால் எழும்பியிருக்குமோ,
தெரியாது. தெரியாது என்பதையும்
ஒரு சீட்டிலும் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் இப்போது
வயிற்றுவலி என்று வருகிற எல்லாரிடமும் கேட்கிறேன்,
"மாடு ஏதும் முட்டினதோ?"
சிலர் சிரிக்கிறார்கள்.
சிலர் எழும்பிப் போய்
கதவைச் சாத்திவிட்டு வந்து இருக்கிறார்கள்.