மழைத்தீவில் முக்கால் லிட்டர்

வருடத்தில் பாதி நாளுக்கு மேல்
மழை கொட்டும் தீவு இது.
எனக்கு அனுமதி
நாளொன்றுக்கு முக்கால் லிட்டர்.
சூப்பும் அதில் சேர்த்தி,
மாத்திரை விழுங்கும் மடக்கும் சேர்த்தி.

தகரக் கூரையில் இரவெல்லாம்
யாரோ பயறு கொட்டுகிற ஓசை.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கும்.
எழுந்துபோய்
ஒரே ஒரு பனிக்கட்டியைக்
கன்னத்தில் அடக்கிக்கொள்வேன்,
சிறுமியாய் இருந்தபோது
பூசை முடியும்வரை
மிட்டாயை ஒளித்துவைத்தது போல.

திங்கள், புதன், வெள்ளி.
விடியுமுன் நாலரைக்கு எலெயுத்தேரியோ
ஹாரன் அடிக்காமல்
வேனின் விளக்கை இருமுறை சிமிட்டுவான்.
ஐந்து பேர் ஏறுவோம்.
வேனோடு படகில் மிதந்து
டால்காவேயில் இறங்கி
காஸ்த்ரோவின் டயாலிசிஸ் கூடம் போய்ச் சேர்வதற்குள்
யாருக்கு எவ்வளவு எடை கூடியது என்று
பேசி முடித்திருப்போம்,
மற்றவர்கள் விளைச்சலைப் பேசுவது போல.
"இரண்டு கிலோ எண்ணூறு" என்பார் சிகுவாய்.
"ஆப்பிள் மதுவா?" என்பேன்.
"கல்யாண வீடு" என்பார்
வெட்கமே இல்லாமல்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை
அவர் வாசலில் வேகத்தைக் குறைத்தான் எலெயுத்தேரியோ,
பழக்கத்தில்.
பிறகு ஒன்றும் சொல்லாமல் கியரை மாற்றினான்.
அவர் இருக்கையில் அன்று
யாரும் பையைக்கூட வைக்கவில்லை.

உருளைக்கிழங்கு பயிரிடுகிறேன்.
ஊதா, சிவப்பு, விரல்போல் வளைந்தது.
தோல் சீவி, நறுக்கி, இரவு முழுக்க ஊறவைத்து
அந்தத் தண்ணீரைக் கொட்டி,
வேகவைத்த தண்ணீரையும் கொட்டினால்
ருசியெல்லாம் வடிந்தபின்
மூன்று துண்டு எனக்கு.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பவர்கள்
ஒருநாள் என் மேசைக்கு வரட்டும்.

போன செப்டம்பரில் போன் வந்தது,
வால்திவியாவிலிருந்து.
"உடனே புறப்படுங்கள். நீங்கள் இரண்டாம் ஆள்."
முதல் ஆளுக்குப் பொருந்தாவிட்டால் எனக்கு.
கதவுக்குப் பின்னால்
மூன்று வருடமாய்த் தயாராய் நின்ற பை.
இரண்டு படகு, ஏழு மணி நேரம்.

ஆஸ்பத்திரி நடைகூடத்தில்
எதிர்ப் பெஞ்சில் ஒரு பையன்,
பத்தொன்பது இருக்கும்.
அவன் அம்மா அவன் ஷூ நாடாவை
அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.
பொருந்தாமல் போகட்டும் என்று
நான் வேண்டவில்லை என்றால் அது பொய்.
ஒருமுறை வேண்டினேன்.
பிறகு அந்த நாடாவைப் பார்த்தேன்,
வேண்டுதலைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.
சாமி காதில் எது முதலில் விழுந்ததோ.
அவனுக்குப் பொருந்தியது.

திரும்பும் படகில் நிபால்டோ
என் முகத்தைப் பார்க்காமல்
கடற்காகங்களை எண்ணிக்கொண்டிருந்தான்.
நடுக்கடலில்தான் எனக்கு உறைத்தது:
கொடுத்தவர் இறந்துதான் கொடுத்தார்.
எங்கோ ஒரு வீட்டில்
அன்று அடுப்பு எரிந்திருக்காது.
பசிக்கிறது என்றேன் நிபால்டோவிடம்.
அவன் ரொட்டியைப் பிட்டான்,
பெரிய பாதியை எனக்கு நீட்டினான்.

இடது கையில்
ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடத்தில்
ஓயாத ரீங்காரம்.
தலையணைக்கடியில் கையை வைத்தால்
தூரத்து மீன்படகின் எஞ்சின்.
கேட்கும்வரை நல்லது; நின்றால்தான் பயம்.
படுக்கப் போகுமுன் நிபால்டோ காதை வைத்துப் பார்த்து
"ஓடுகிறது" என்பான்.
இருபது வருடத்தில்
அவன் பேசிய ஒரே காதல் வசனம்.

சிகுவாயின் இருக்கைக்கு
இந்த வாரம் ஓரியானா வந்திருக்கிறாள்.
என்னைவிட மூத்தவள்.
முதல் நாள், விரல்கள் நடுங்கின.
நம்பிக்கை இருக்கிறதா உனக்கு, என்று கேட்டாள்.

அதற்குப் பதில் எனக்குத் தெரியாது.
பையைப் பற்றி மட்டும் சொன்னேன்:
ஏப்ரலில் அதிலிருந்து பருத்திச் சட்டையை எடுத்துவிட்டுக்
கம்பளி வைப்பேன்.
அக்டோபரில் கம்பளியை எடுத்துவிட்டுப் பருத்தி.
இந்த முறை
ஒரு ஜோடி ஷூவும் வைத்திருக்கிறேன்,
நாடா இல்லாதது.

வேன் படகில் ஏறுகிற அந்தத் தூக்கல்.
கண்ணாடி முழுக்க மழை.
எனக்கு இன்றைக்கு
இரண்டு கிலோ நூறு, என்றேன்.
உனக்கு?