ஹிபர்டீன், கூடாரம் எண் 41

வரவேற்பறைச் சுவரில் விலைப்பட்டியல்:
துள்ளு கோட்டை, அரைமணி நேரம், நாற்பது ரேண்ட்.
மிதிகார், பத்து நிமிடம், இருபத்தைந்து.
முகத்தில் புலி வரைய முப்பது.
பூனை என்றாலும் அதே முப்பதுதான்,
கேட்டுப் பார்த்துவிட்டேன்.

என்னிடம் பிள்ளைகள் மூன்று,
விடுமுறை நாலு நாள்.
மனசுக்குள் பெருக்கி முடிப்பதற்குள்
நடுப்பிள்ளை கேயோலன்
பட்டியல் முழுவதையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டான்.
அது முதல் விளையாட்டு.
அதற்குக் காசு வாங்கவில்லை.

அடுத்தது முளையடிப்பது.
பன்னிரண்டு முளை, ஒரு சுத்தியல்,
யார் முதலில் என்று ஒரு சண்டை:
ஒருமணி நேரம் ஓடிப்போனது.
கோணலாய் இறங்கிய ஆறை
அவர்கள் குளிக்கப் போன பிறகு
சத்தமில்லாமல் பிடுங்கி அடித்தேன்.

குரங்குகளை நான் அழைக்கவில்லை.
சாம்பல் நிறத்தில் ஒன்று
ரொட்டிப் பொதியை முழுசாய்த் தூக்கிக்கொண்டு
மரக்கிளையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்து
துண்டு துண்டாய்த் தின்றது.
ஓரத்தை மட்டும் கிள்ளிக் கீழே போட்டது.
"அம்மா, என்னை மாதிரியே!" என்றாள் தஷ்மிகா.
பதினெட்டு ரேண்ட் ரொட்டி.
ஆனால் பாருங்கள், நாற்பது நிமிடம்
ஒரு வாயிலிருந்தும் 'போரடிக்குது' வரவில்லை.
மிதிகாரை விட மலிவு.

மூன்றாம் நாள் மழை.
ஈரத் துண்டுகளை அள்ளிக்கொண்டு
துவைப்பறைக்குப் போனோம்.
உலர்த்தும் இயந்திரத்துக்கு வில்லை ஒன்று, பத்து ரேண்ட்.
வட்டக் கண்ணாடிக்கு முன்னால்
மூன்று பேரும் சம்மணமிட்டார்கள்.
சிவப்புத் துண்டு கதாநாயகன்,
என் பழைய நைட்டி வில்லி,
கடைக்குட்டி கிரிஷனின் காலுறை
ஒவ்வொரு சுற்றிலும் செத்துச் செத்துப் பிழைத்தது.

மரவீட்டில் தங்கியிருந்த பையன் ஒருவன்
முகத்தில் முப்பது ரேண்ட் புலியோடு
வாசலில் வந்து நின்றான்.
"வாடா, இப்பத்தான் சண்டை" என்றான் கேயோலன்.
மழையில் மீசை கரைந்த புலி
நகர்ந்து நகர்ந்து
முன்வரிசைக்கு வந்து சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது.
நாலு மணி, அட்டவணையில் போட்டபடி.
அந்தரத்தில் இருந்த துண்டு பொத்தென்று விழ
"ஹீரோ செத்துட்டான்" என்று
கிரிஷன் உதட்டைப் பிதுக்கினான்.

வெளியே,
மழை விட்டதென்று அப்போதுதான் ஊதி நிறுத்திய
துள்ளு கோட்டையும் செத்துக்கொண்டிருந்தது.
முதலில் கோபுரங்கள் தலைகுனிந்தன,
பிறகு மதில்,
பிறகு அகழியில் வரைந்த முதலை
மெல்ல வாயை மூடிக்கொண்டது.

சீட்டுக் கிழிக்கும் சனேலே
நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
"காற்றில்லாத கோட்டைக்குப் பட்டியலில் விலை இல்லை" என்றான்.
"செருப்பைக் கழற்றணும்.
அடியில் நுழையக் கூடாது.
அவ்வளவுதான் சட்டம்."

எங்கிருந்து வந்தார்களோ அத்தனை பிள்ளைகள்!
மடிப்பெல்லாம் அலை என்றார்கள்,
திமிங்கிலத்தின் முதுகு என்றார்கள்,
உருண்டு உருண்டு
மிச்சக் காற்றை மூலைக்கு மூலை துரத்தினார்கள்.
ஏதோ ஒரு தையலில் அது
வெட்கமில்லாத சத்தத்தோடு வெளியேற
இருபது பிள்ளைகளும் ஒரே வயிறாய்ச் சிரித்தார்கள்.
இன்னொரு தடவை அந்தச் சத்தம் வேண்டுமென்று
காற்றைத் தேடித் தேடி உருண்டார்கள்.

ஆறரைக்கு மின்சாரம் வந்தது.
கோட்டை எழுந்தது,
கூடவே விலையும் எழுந்து நின்றது.
பிள்ளைகள் செருப்பைத் தேடினார்கள்.
வலது கால் ஒருத்தருடையது, இடது கால் இன்னொருத்தருடையது.

துவைப்பறையில்
மிச்சமிருந்த பன்னிரண்டு நிமிடப் படம்
பார்க்க ஆளில்லாமல் ஓடி முடிந்திருந்தது.
துண்டுகள் சூடாய் இருந்தன.
உதறி, மடித்து, எண்ணினேன்.
காலுறையில் ஒன்று குறைந்தது.

கண்ணாடி வட்டத்துக்குள் தலையை விட்டுத் தேடிய கிரிஷன்
வெளியே வந்து
திருப்தியாய்ச் சொன்னான்:
"தப்பிச்சிடுச்சும்மா."