எல் ஆல்டோவில் இரண்டு கோல்

பெனியிலிருந்து மேலே ஏற
பேருந்தில் ஒரு பகல், இரண்டு இரவு.
காது அடைத்தது. தலை கனத்தது.
பையிலிருந்த சிப்ஸ் பாக்கெட் வயிறு ஊதி
தானாகவே வெடித்தது.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாலாயிரத்து நூறு மீட்டர்.
மைதானத்தில் புல் பொய், குளிர் மெய்.
கோக்கா தேநீர் விற்கும் பெண்களின்
வட்டத் தொப்பிகள் ஓரத்தில் வரிசையாக.
ஒரு தொப்பியைக்கூட அசைக்கத் தெம்பில்லாத காற்று.

நான் கோல்கீப்பர். டெய்சி குவாஹி.
எங்கள் டிரினிடாடில் பந்து
ஆற்றைக் கடக்கும் மாடு மாதிரி வரும்:
ஈரக்காற்றை நெஞ்சால் தள்ளித் தள்ளி,
கஜத்துக்குக் கஜம் கொஞ்சம் களைத்து.
அது வருமுன் நான் அங்கே நிற்பேன்.
பதினோரு வருடம் அப்படித்தான் நின்றேன்.

இங்கே எவுஃப்ராசியா சோக்கேடிக்லா
இருபத்தெட்டு மீட்டரில் பந்தை வைத்தாள்.
மூன்றடி பின்னால் போனாள்.
எங்களுக்கெல்லாம் இரைக்கிறது, அவளுக்கு இல்லை.
பிறந்ததிலிருந்து இதே காற்றுதானே.
உதைத்தாள்.

பெரிய உதையில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.
எங்கள் விடுதிச் சமையல்காரி இதைவிட ஓங்கி உதைப்பாள்.
என் கை நீண்டது, நீள வேண்டிய இடத்துக்கு.
பந்து அங்கே இல்லை.
அரை மீட்டர் மேலே,
சுங்கச்சாவடியில் ஆளில்லாத நாளின் லாரியைப்போல்
போய்க்கொண்டிருந்தது.
முதுகுக்குப் பின்னால் வலை உதறிக்கொண்ட சத்தம்.
அந்தச் சத்தம் எந்த உயரத்திலும் ஒன்றுதான்.

இரண்டாவது கோலை விவரிக்க மாட்டேன்.

இடைவேளையில் யோபானா,
எங்கள் தடுப்பாட்டக்காரி, சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு,
ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு
என் கையுறைமேல் பேனாவால் ஒரு வளைவு கிறுக்கினாள்.
"பூமி இங்கேயும் அதே கையால்தான் இழுக்கிறது.
காற்றில்தான் மூன்றில் ஒரு பங்கு லீவில் போய்விட்டது.
தடுக்க ஆள் குறைவு, அதனால் பந்து சீக்கிரம் வருகிறது.
சீக்கிரம் வருவதால் விழ நேரமில்லை, அதான் உயரம்.
சுழற்றி உதைத்தாலும் வளையப் பிடிமானம் போதவில்லை,
அதான் நேர்."

எவ்வளவு சீக்கிரம்?

"கண் இமைப்பதில் கால்வாசி."

கால்வாசி இமைப்பில் கோல் விழுமா என்று
நான் கேட்கவில்லை.
விழுந்திருந்தது, இரண்டு.

மீதி நாற்பத்தைந்து நிமிடம்
என் கண்ணை நான் நம்பவில்லை.
"கிளம்பு, பார்த்துக்கொண்டிராதே" என்று
காலிடம் மட்டும் பேசினேன்.
மூன்றாவது பந்து மணிக்கட்டில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போனது.
நான்காவது வயிற்றில். வலி இனித்தது.
பெருமையில் நான் உதைத்த கோல் கிக்
எங்கள் முன்களத்தாளைத் தாண்டி
அவளைக் காவல் காத்தவளையும் தாண்டி
எதிர்க் கோல்கீப்பரின் மார்பில் போய் உட்கார்ந்தது.
எதிர்பார்த்து நின்றவள்போல் அவள் சிரித்தாள்.

இரண்டுக்குப் பூஜ்யம். இறங்கினோம்.
ஒவ்வொரு வளைவிலும் காற்று திரும்பி வந்து
பேருந்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஞாயிறு, டிரினிடாட். முப்பத்தாறு டிகிரி.
பயிற்சியில் யோபானா உதைத்தாள்.
நான் பாய்ந்தேன், விழுந்தேன்,
மண்ணைக் கட்டிக்கொண்டேன்.
பந்து அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

கிடந்தபடியே பார்த்தேன்.
காற்று அதன் தோளைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ள,
பூமி காலைப் பிடித்துக் கீழே இழுக்க,
இருவருக்கும் இடையில் அது
சாவகாசமாக என் தலைக்கு மேலே கடந்து
உள்ளே போனது.

யோபானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
நான் எழவில்லை.
அந்தக் கால்வாசி இமைப்பு
இன்னும் என் முழங்காலில்தான் இருக்கிறது.
மலையேறித் திருப்பிக் கொடுக்க
அடுத்த ஆட்டம் ஆகஸ்டில்.