இணைப்பு

கண்ணாடிக் கதவிலிருந்து பழைய பெயரைச்
சுரண்டிக்கொண்டிருக்கிறார் நேப்பாளத் தம்பி.
எழுத்து உரிந்துவிட்டது,
பசை அதே எழுத்தாக நிற்கிறது.
எட்டு வருடத்தில் இது மூன்றாவது சுரண்டல்.

ரந்தாய் என்று தொடங்கியபோது ஆறு மேசை.
சிங்கப்பூர்க்காரர்கள் வாங்கினார்கள், கழுத்துப் பட்டை நீலமானது.
அவர்களை ஹாம்பர்க் வாங்கியது, பச்சை.
பச்சையை வாங்கியது யாரென்று
ஹஃபிஸாவுக்கே தெரியவில்லை,
சம்பளம் போடுகிறவள் அவள்.

நான் இறங்கும் நிலையம் கெரிஞ்சி.
அலுவலக முகவரி பாங்சார் சவுத்.
பெயர் மாற்றிய கம்பத்தில்
பெயர் மாறும் கம்பெனி,
இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது லா
என்கிறான் சூய் ஹோங்,
தன் நாற்காலியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா
என்று விசாரித்துக்கொண்டே.

தமிழ்த் தளங்கள் என் பொறுப்பு.
மேலிடத்துக் கடிதத்தை
'அன்புள்ள பங்காளிகளே' என்று தொடங்கினேன்.
சிரிப்பு வந்துவிட்டது.
நமக்குப் பங்காளி என்றால்
வரப்புக்கு அடித்துக்கொள்கிறவன்,
செத்தால் பதினாறு நாள் தீட்டுக் காக்கிறவன்.
இவர்களில் ஒருவர் செத்தால்
கணக்கு உறங்குகிறது என்று
கணினி எனக்குச் சொல்லும், தொண்ணூறு நாள் கழித்து.

அடுத்த சொல் இன்னும் மோசம்.
இரண்டு நிறுவனம் ஒன்றாவதும் இணைப்பு,
ஒருவர் தன் பக்கத்தில் ஒட்டிவைக்கும் சுட்டியும் இணைப்பு.
'இணைப்பு காரணமாக இணைப்புகள் செயலிழக்கும்'
என்று எழுதி வைத்துவிட்டு
கோப்பி ஓ வாங்கக் கீழே போனேன்.

குணாளன், நிபோங் திபால்.
தூண்டில் கோல், ரீல், நரம்பு பற்றி எழுதுகிறார்.
கிரியான் ஆற்றில் எந்த மாதம் எந்த மீன்,
எந்த முள் துருப்பிடிக்கும்,
எதைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது
(இந்தப் பகுதிதான் நீளம்).
ஐந்து வருடம். போன மாத முடிவில் அவர் கணக்கில்
நாற்பத்தாறு ரிங்கிட் இருபது சென்.
ஐம்பது தொட்டால்தான் கைக்கு வரும்.
ஒன்றாம் தேதி முதல் அந்த ஐம்பது இருநூறாகிறது.
தொடாதவை, கடிதத்தின் ஒன்பதாம் பத்தியில்,
பொடி எழுத்தில், கரைகின்றன.

கைமாறியது நாங்கள்.
கைமாறு அவருக்கில்லை.

முப்பத்தொன்றாம் தேதி, இரவு பத்தே முக்கால்.
மாடியில் நானும் குளிர்சாதனமும்.
அவர் பக்கத்துக்குப் போனேன்,
இணைப்பை அழுத்தினேன்.
அது முதலில் நீலத்துக்குத் தாவியது, பிறகு பச்சைக்கு,
பிறகு நான் கேள்விப்படாத ஒரு பெயருக்கு,
மூச்சு வாங்கிக் கடைக்கு வந்து சேர்ந்தது.
ஒரு ரீல், தொண்ணூற்றைந்து ரிங்கிட்.
நூற்றுக்கு நான்கு என்றால் மூன்று எண்பது.
கணக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தேன்,
நிறம் பார்க்கவில்லை.
'நிலுவை' என்றிருந்ததை 'உறுதி' ஆக்க
நள்ளிரவுவரை எனக்கு அதிகாரம் இருந்தது.
ஆக்கினேன்.

ஐம்பது தொடாதவர்கள் மொத்தம்
ஆயிரத்து நூற்று நாற்பது பேர்.
மற்றவர்களுக்கு நான் எதுவும் வாங்கவில்லை.
பெயர்களை ஒருமுறை மேலிருந்து கீழே உருட்டினேன்,
'ச' வரைக்கும்.
கடைசி ரயில் போய்விடும் என்று எழுந்துவிட்டேன்.

ரீல் வந்துவிட்டது. ஊதா.
சோற்று மேசையில் உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் இருக்கிறது.
போன் பேசும்போது கைப்பிடியைச் சுற்றுகிறேன்,
சிள்வண்டு போல ஒரு சத்தம்.

பழைய முகவரிக்கு வரும் மின்னஞ்சல்
மாதக் கடைசிவரை எனக்குத் திரும்பும் என்றார்கள்.
நேற்று ஒன்று திரும்பியது:

'வணக்கம். கோலாலம்பூரிலிருந்து யாரோ
பெரிய ஆற்று ரீல் வாங்கியிருப்பதாகக் காட்டுகிறது.
கணக்குப் பிழையாக இருந்தால் சொல்லுங்கள்,
பணத்தைத் திருப்பிவிடுகிறேன்.
பிழையில்லை என்றால்,
அங்கே எந்த ஆற்றில் போடுகிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.
அந்த ரீலுக்கு இருபது பவுண்டு நரம்பு சரிவராது.'