எட்டாவது கிணறு

கண்ணாடி ஒன்று மாட்டத்தான் சுவரைத் துளைத்தேன்.
மூன்றாம் அறை. அலஸ்தோட்டத்து வெயில், பதினொரு மணி.
நாளைக்கு இரண்டு பேர் வருகிறார்கள், முற்பணம் கட்டியவர்கள்.
கண்ணாடி இல்லையென்று போன மாதம் ஒருத்தி
இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனாள்.

முதலில் சாந்துத் தூள். பிறகு கல்லின் சாம்பல்.
பிறகு ட்ரில்லுக்கு ஒரு வழுக்கல்,
பழுத்த பப்பாசிக்குள் கத்தி இறங்கினாற்போல.
வெளியே இழுத்தேன்.
சுவர் என் முகத்துக்கு நேரே
கொதிநீர் துப்பியது.

பிளக்கைப் பிடுங்கினேன். அது ஒன்றுதான் சரியாகச் செய்தது.
விரலால் பொத்தினேன், விரல் வெந்தது.
துவாயைத் திணித்தேன், துவாய் ஆவி விட்டது.
மொட்டைமாடிக்கு ஓடி நீல வால்வைப் பூட்டினேன்.
இறங்கி வந்து பார்த்தால்
அது தன்பாட்டில் பாய்ந்துகொண்டிருக்கிறது.
இருநூறு லீற்றர். விடியலிலிருந்து வெயில் காய்ச்சியது.
விருந்தாளிகளுக்கென்று
நாங்கள் ஒரு வாளிகூடத் தொடாதது.

மதிலுக்கு மேலால் சிவயோகம் அக்கா:
"என்ன பிள்ளை, கன்னியாவில ஏழு காணாதெண்டு
எட்டாவது கிணத்தை நீ வெட்டுறியோ?"

றிஸ்மி கிண்ணியா ஆள். இந்தக் குழாய்களைப் பதித்தவன்.
இப்போது தோஹாவில், வேறு யாருடையவோ சுவர்களுக்குள்.
வீடியோவில் தலைக்கவசத்தோடு வந்தான்.
"அக்கா, நீலம் உள்ள போற தண்ணி. சிவப்பைப் பூட்டுங்க.
டாங்கிக்குப் பின்னால, குனிஞ்சாத்தான் தெரியும்."

குனிந்தேன். பூட்டினேன். நின்றது.
அதற்குப் பிறகுதான் கேட்டது,
படிக்கட்டில் தண்ணீர் ஒவ்வொரு படியாக
இறங்கிப் போகிற சத்தம்.

"நிலைப் பக்கத்தால நேராத்தானேடா இறங்கவேணும்?
நடுச்சுவருக்கு ஏன் வளைச்சனீ?"
பழியை இறக்கிவைக்க ஓரிடம் தேடுகிற குரல்,
எனக்கே தெரிந்தது.
அவன் கொஞ்சம் பேசாமல் நின்றான். பின்னால் ஒரு கிரேன் முனகியது.

"நீங்கதான் அக்கா.
அந்த மூலைக்கு அலுமாரி அடிக்கப் போறம்,
ஆணி பட்டிடும், தள்ளிக் கொண்டுபோ எண்டீங்க.
பிளேன்ரீ தந்துபோட்டுச் சொன்னீங்க."

அலுமாரி.
அடிக்கவேயில்லை. பலகைக் காசு தண்ணீர் மோட்டருக்குப் போனது.
மூலையில் இப்போது ஒரு தும்புத்தடி நிற்கிறது.
ஆணி படக்கூடாதென்று நான் நகர்த்திய இடத்தை
ஆணிக்காக நானே துளைத்திருக்கிறேன்.

ஓமடா, என்றேன். வேறென்ன சொல்ல.
"ஒரு சாண் மட்டும் உடையுங்க.
வெள்ளைக் குழாய் தந்தா வாங்காதீங்க, சுடுதண்ணிக்குள்ளது கேளுங்க.
ஒட்டினா ஒரு நாள் திறக்கவேணாம்."
அவனுக்கு இடைவேளை முடிந்தது.

நாலரைக்கு வரோதயன் வந்தார்,
சீனன்குடா ஆலையின் மா சட்டைக் கைகளில்.
நான் உளியோடு, தலை முழுக்கச் சாந்து.
வெள்ளை பூசிய இரண்டு பேர்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.
"கண்ணாடி எங்க?"
கட்டிலில், என்றேன்.
அதற்கு ஒரு கீறலும் இல்லை.
மல்லாந்து கிடந்து மின்விசிறியைக் காட்டிக்கொண்டிருந்தது.

வந்தவர்களுக்கு எங்கள் அறையைக் கொடுத்தோம்.
நாங்கள் ஈரச் சுவருக்குப் பக்கத்தில் பாய் விரித்தோம்.
மூன்றாம் நாள் சிவப்பைத் திறந்தேன்.
பின்னேரம் சுவரைப் பார்த்தால்
குழாய் போகும் வழி மட்டும் முதலில் காய்ந்து
வெளிறிய ஒரு கோடு.
கூரையிலிருந்து இறங்கி, நெஞ்சளவில் திரும்பி,
இல்லாத அலுமாரிக்கு ஒதுங்கி வழிவிட்டு,
மறுபடி இறங்கிக் குளியலறைக்குப் போகிறது.

உள்ளங்கையை வைத்தேன். இளஞ்சூடு.
வரோதயனின் கையையும் இழுத்து வைத்தேன்.
"ஓ," என்றார்.

முழுக்கக் காய்ந்து கோடு மறைவதற்குள்
தச்சர் பென்சிலால் அதன்மேல் கீறிவிட்டேன்.
வண்ணம் அடிக்கச் சொல்கிறார். மாட்டேன்.

கண்ணாடி இப்போது கதவில்.
பசையால் ஒட்டியது.